உரும்பிராய் ஓட்டு வீட்டுக்குப் பழைய சாமான்: எங்கே தேடுவது, எங்கே வைப்பது

கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அம்மம்மாவின் சின்ன ஓட்டு வீடு. இரண்டு அறை, நடுவில் ஒரு ஹோல், முன்விறாந்தை, பின்னால் தனியாகக் குசினி, மூன்று பரப்பு வளவு, ஒரு கிணறு. கேட்ட தங்கச்சி கொழும்பிலிருந்து திரும்பி வந்து அங்கே குடியிருக்கப் போகிறார். படங்களில் பார்க்கும் ஆங்கிலேயக் கொட்டேஜ் வீடுகளைப் போலப் பழைய சாமான்களால் வீட்டையும் பூந்தோட்டத்தையும் அலங்கரிக்க ஆசைப்படுகிறார். என்ன வாங்கலாம், எங்கே கிடைக்கும், எப்படிப் பராமரிப்பது என்பதுதான் கேள்வி. பழைய வீடுகளின் திருத்த வேலையோடும் தச்சுப் பட்டறையோடும் நெடுநாள் பழகியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கச்சி, அந்தப் படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது என்று முதலில் யோசியுங்கள். இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கொட்டேஜ் யாரும் திட்டம் போட்டு அலங்கரித்த வீடல்ல. கூலி வேலை செய்த குடும்பங்கள் கையில் கிடைத்த மேசை கதிரையைப் பாவித்தன. வாசலில் கீரையையும் மருந்துச் செடியையும் பூவையும் கலந்து நட்டன. அந்தக் கலப்புத்தான் பிற்காலத்தில் ஒரு பாணியாகிவிட்டது. நம்முடைய வளவுகளும் அப்படித்தான் இருந்தன. செவ்வரத்தைக்குப் பக்கத்தில் கத்தரி, கிணற்றடியில் வாழையும் வல்லாரையும், வேலியில் தூதுவளை. அங்கிருந்து சாமானை இறக்கத் தேவையில்லை. அந்த முறையை எடுத்துக்கொண்டு, சாமானை நம் ஊரிலேயே தேடுங்கள்.

இன்னொன்று. பழைய சாமானை வாங்கினால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. தண்ணீர் வைக்காத குடமும் ஆள் இருக்காத கதிரையும் ஆறு மாதத்தில் தூசி பிடித்துப் பாரமாகிவிடும். செய்த வேலையையே செய்யாவிட்டாலும், அதற்குக் கிட்டின வேலை ஒன்றைச் செய்யட்டும். பாவிக்கிற சாமானைத்தான் வீட்டார் துடைப்பார்கள், கவனிப்பார்கள். அதனால் வரும் மினுக்கம் எந்தப் பொலிஷிலும் வராது.

சாமான் தேட வெளிக்கிட முன்னர் வீட்டைப் பாருங்கள். உங்கள் வீட்டின் வயதுக்குச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகத்தான் இருக்கும். இப்படிப்பட்ட சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெயிலில் விடும். அதன் மேல் சீமெந்து பூசி பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தால் ஈரம் உள்ளே அகப்பட்டுவிடும். ஒரு மாரி போனதும் பெயின்ற் கொப்பளிக்கும், உப்புப் பூக்கும், அந்தச் சுவரில் சாத்தி வைத்த அலுமாரியின் முதுகும் உழுத்துப்போகும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் சரி. நன்றாக நீற்றி வடித்த சுண்ணாம்பை மெல்லியதாகக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு, பல தடவை அடியுங்கள். தடிப்பாக ஒரு தடவை அடித்தால் பொருக்கு வெடித்து உதிரும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் செம்பாட்டு மண். மழைத் துமி தெறித்துச் சுவரின் அடி சிவக்கத்தான் செய்யும். அடியில் முழங்கால் உயரத்துக்குக் காவி நிறப் பட்டை ஒன்று விட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் அந்தப் பட்டை இருந்ததற்குக் காரணமே இதுதான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த மரமும் பித்தளையும் எடுப்பாகத் தெரியும், வேறு அலங்காரம் அதிகம் தேவைப்படாது.

கூரை ஓடுகளில் சிலவற்றைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து கப்பலில் வந்த ஓடாக இருந்தால் தொழிற்சாலையின் பெயரும் முத்திரையும் அச்சாகியிருக்கும். 1865இல் பாசல் மிஷன் என்ற ஐரோப்பியக் கிறிஸ்தவ மிஷனார் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் பிறகு கள்ளிக்கோட்டைப் பக்கமும் பரவியது. அந்த ஓடுகள்தான் இலங்கை முழுக்க வந்து இறங்கின. அதற்கும் முந்திய பீலி ஓடு உங்கள் குசினியில் இருக்கலாம். உடைந்த ஓடுகளை எறிய வேண்டாம். முத்திரை உள்ள துண்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள், பீலி ஓடுகளைப் பூப்பாத்திக்கு வரம்பாகக் குத்தி நடலாம். புதிதாக ஓடு தேவைப்பட்டால் பழைய வீடு இடிக்கும் இடத்தில் அதே அச்சு ஓடாகத் தேடுங்கள். அச்சு மாறினால் ஒன்றோடொன்று பொருந்தாது, ஒழுக்கு வரும்.

சரி, சாமானுக்கு வருவோம். முதல் தேடல் அம்மம்மாவின் வீட்டுக்குள்ளேயே. பரணை, குசினியின் புகட்டு, கோடிப்புறத்தில் விறகு அடுக்கிய மூலை, மாட்டுக்கொட்டில் இருந்த இடம், கிணற்றடி எல்லாவற்றையும் ஆறுதலாகப் பாருங்கள். ஆட்டுக்கல், அம்மி, திரிகை, உரல் போன்ற கல்லுச் சாமான்களைக் களவெடுப்பவர்கள் குறைவு, பாரம் அதிகம் என்பதால் மண்ணுக்குள் பாதி புதைந்தபடி கிடக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. உரும்பிராய் இருக்கும் வலிகாமப் பகுதி போர் நடந்த இடம், அங்கே மண்ணைக் கிண்டும்போது என்னவென்று தெரியாத இரும்புச் சாமான் வந்தால் தொடாதீர்கள். இடத்தை விட்டு விலகிப் பொலிசுக்கு அறிவியுங்கள். ஷெல் கோதுகளைப் பூச்சாடியாக வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. வெற்றுக் கோதா, உள்ளே மிச்சம் உண்டா என்று நமக்குத் தெரியாது. அதை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது சொந்தக்காரர் வீடுகள். மாமி, சின்னம்மா, பெரியப்பா வீடுகளில் பாவிக்காமல் கிடக்கும் சாமான் எவ்வளவோ இருக்கும். காசு கொடுத்து வாங்குவதை விட, "இதை எங்கட வீட்டு விறாந்தையில வைச்சுப் பாவிக்கிறன் மாமி, எப்ப வேணுமெண்டாலும் திருப்பித் தாறன்" என்று கேளுங்கள். பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போட இருந்த கிடாரம் அப்படித்தான் தப்பும். கேட்கும்போதே அதன் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள். யாருடைய கலியாணத்துக்கு வந்தது, யார் வெளியூரிலிருந்து கொண்டுவந்தது என்று. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். அவர்கள் வழியாக வந்த மாபிள் மேசையோ எனாமல் அடுக்குச் சட்டியோ உங்கள் குடும்பத்திலும் இருக்கலாம்.

மூன்றாவது, பழைய இரும்புக் கடைகள். அங்கே பித்தளையை உருக்கும் விலைக்குக் கிலோக் கணக்கில் எடுக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த செம்பு அங்கே வெறும் நிறை மட்டுமே. உருக்கு விலையை விடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் கடைக்காரருக்கும் லாபம். அடிக்கடி போய் முகம் பழகி வைத்தால் புதிதாக ஏதும் வரும்போது எடுத்து வைப்பார்கள். நான்காவது, வீடு இடிக்கும் இடங்கள். நிலை, கதவு, யன்னல், தாமரை அல்லது சூரியக் கதிர் வடிவத்து இரும்புக் கிறில், பனஞ் சலாகை, முதிரை வளை எல்லாம் அங்கே கிடைக்கும். இடிக்கத் தொடங்கிய பிறகு போனால் உடைந்ததுதான் மிஞ்சும். மேசனிடமும் தச்சரிடமும் சொல்லி வையுங்கள், எந்த ஊரில் எந்த வீடு இடிபடப் போகிறது என்று அவர்களுக்கு முதலே தெரிந்துவிடும்.

கடகம், பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி, பனையோலைப் பாய் போன்றவற்றைப் பழையதாகத் தேட வேண்டியதில்லை. ஓலைச் சாமான் பாவித்தால் தேயும், தேய்ந்தால் புதிது வாங்க வேண்டும், அதுதான் அதன் இயல்பு. திருநெல்வேலி, சுன்னாகம், கொடிகாமம் சந்தைகளில் பாருங்கள். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையத்திலும் நல்ல பின்னல் வேலை கிடைக்கும். இன்றைக்கும் பின்னும் பெண்களிடம் நேரில் சொல்லிச் செய்வித்தால் உங்கள் அலுமாரித் தட்டின் அளவுக்கே பெட்டி முடைந்து தருவார்கள். உடுப்பு, வெங்காயம், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாம் போட்டு வைக்கலாம். சுளகை வரிசையாகச் சுவரில் அடித்துப் பூ வரைவது இப்போது உணவகங்களில் பெருகிவிட்டது. வீட்டில் அது வேண்டாம் என்பேன். குசினிச் சுவரில் ஒரு ஆணி, அதில் ஒரு சுளகு, அரிசி புடைக்க எடுத்தால் கைக்கு வரவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் வாங்குகிறவர் கட்டாயம் நினைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1995 ஒக்ரோபர் 30இல் போரினால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. வலிகாமம் வடக்கு அதற்கு முன்னரே, 1990இலிருந்து, ஆளில்லாமல் போயிருந்தது. பூட்டிவிட்டு வந்த வீடுகளுக்குத் திரும்பிப் போனவர்கள் கதவில்லாத நிலையையும் நிலையில்லாத சுவரையும் பார்த்தார்கள். அந்தக் கதவுகளும் ஓடுகளும் பெட்டகங்களும் எங்கோ போயின, கை மாறின. ஆகவே வாங்கும்போது எந்த ஊர், யாருடைய வீடு, ஏன் விற்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் எவ்வளவு வடிவான சாமானாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கோயில் சாமான்கள், அதாவது விக்கிரகம், தூக்குவிளக்கு, மணி, வாகனத்தின் துண்டு எதுவாக இருந்தாலும், வாங்கவே கூடாது. அவை ஒரு ஊருக்குச் சொந்தமானவை.

வாங்க முன்னர் கண்ணைப் பழக்க வேண்டும். நாவற்குழியில் 2020இல் திறந்த சிவபூமி அரும்பொருள் காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். நல்லூர் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கும் போகலாம். பழைய செம்பின் கழுத்து எப்படி, பெட்டகத்தின் பூட்டு எங்கே, கைபட்டுத் தேய்ந்த மரம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வந்தால் கடையில் ஏமாற மாட்டீர்கள். நல்லூரில் உள்ள பழைய மாளிகையான மந்திரி மனையின் மர வேலைப்பாட்டையும் பாருங்கள். உங்கள் விறாந்தைத் தூணுக்கும் அதற்கும் உள்ள உறவு தெரியும்.

பெட்டகம் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். நம் ஊர்த் தளபாடங்களில் எனக்கு அதுதான் மேல். தடித்த பலகை, மேலே தூக்கும் மூடி, பித்தளைப் பட்டங்கள், சிலவற்றில் அடியில் மரச் சில்லு. மூடியைத் திறந்ததும் ஒரு பக்கத்தில் சின்னத் தட்டறை இருக்கும். அதற்குள் கை விட்டுத் தடவிப் பாருங்கள், இரகசிய லாச்சி இருக்கலாம். பலகைகள் ஆணி இல்லாமல் பல்லுப் பல்லாகக் கோத்திருந்தால் கைத்தச்சு வேலை. அடிப்பலகையில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் பயப்பட முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். துளைகளைத் தூரிகையால் சுத்தம் செய்து, கீழே வெள்ளைக் கடதாசி விரித்துச் சில நாள் விடுங்கள். கடதாசியில் புதிய மா உதிர்ந்திருந்தால் புழு இன்னும் உயிரோடு இருக்கிறது. இல்லாவிட்டால் அது பழைய காயம். உயிரோடு இருந்தால் பொலிஷ் இல்லாத பக்கங்களில் போராக்ஸ் கரைசலைப் பூசி ஊற விடுங்கள், பூரணமாகக் காய்ந்த பிறகு வீட்டுக்குள் எடுங்கள். கறையானுக்கு வேறு வழி. நாலு காலுக்கும் கீழே கல்லு வையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மண் குழாய் ஏறினால் கண்ணில் பட வேண்டும்.

மரத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசுகிறார்கள். அது காயாது, பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும், சிக்கு மணம் வரும். தேன்மெழுகை ரேப்பன்ரைனில் கரைத்துத் துணியால் தேய்ப்பது நல்லது. மெருகு வேண்டுமென்றால் அரக்குப் பொலிஷ் மெல்லியதாக. ஆளிவிதை எண்ணெய் பாவித்தால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்து வெளியில் காய விட்டு எறியுங்கள். கதவு யன்னலில் பழைய எனாமல் பெயின்ற் அடுக்கடுக்காக இருந்தால் அதில் ஈயம் இருந்திருக்கலாம். காய்ந்தபடி உரஞ்சினால் தூசி மூச்சில் போகும், சிறுபிள்ளைகளுக்குப் பெரிய கெடுதி. நனைத்து நனைத்து உரஞ்சுங்கள், முகமூடி போடுங்கள், உதிர்ந்ததை அள்ளி அகற்றுங்கள், பாத்திக்குள் கொட்ட வேண்டாம். எல்லாப் பெயின்றையும் உரித்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒரு மூலையில் உரித்து உள்ளே முதிரையா, வேம்பா, பலாவா என்று பாருங்கள். சாதாரண மரமென்றால் அந்தப் பழைய பச்சையே இருந்துவிட்டுப் போகட்டும்.

முன்விறாந்தைக்குச் சாய்மனைக் கதிரைதான். அதற்கு மாற்று இல்லை. பிரம்புப் பின்னல் தொய்ந்திருந்தால் உடனே பிரித்துப் போடாதீர்கள். கதிரையைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை ஈரத் துணியால் நன்றாக நனைத்து, நிழலில் காய விடுங்கள். இழைகள் அறாமல் இருந்தால் காயும்போது இறுகிக்கொள்ளும். அறுந்திருந்தால் பின்னுகிறவரைத் தேடிப் பிரம்பாலேயே பின்னுவியுங்கள். பிளாஸ்டிக் இழை மலிவு, நீடிக்கும், ஆனால் வெயில் நேரத்தில் முதுகு வேர்த்துக் கொட்டும், கதிரையின் சுகமே போய்விடும். கதிரையைத் தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று நேரே அடிக்கும் பக்கத்தில் போடாதீர்கள், அந்தக் காற்றின் புழுதி பின்னலுக்குள் ஏறி இழையை அரிக்கும். கதிரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதில் தண்ணீர்ச் செம்பு. விறாந்தைக்கு அது காணும்.

பித்தளை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தண்ணீர் குடிக்க மூக்கு வைத்துச் செய்த குவளையான மூக்குப்பேணியை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதென்றால் விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், மூக்கு ஒட்டிய இடத்தில் பற்றாசு தெரியும், கையில் கனக்கும். புதிதாக விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் மெல்லிய தகடு, மேலே வார்னிஷ் மினுக்கம். தட்டிப் பார்த்தால் வெண்கலத்தின் ஓசை நீண்டு போகும், பித்தளையின் ஓசை சீக்கிரம் அடங்கும். அடியிலோ கழுத்திலோ புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். விருந்துச் சபையில் மற்றவர்களின் சாமான்களோடு கலந்து போகாமல் இருக்கச் சொந்தக்காரரின் பெயர் எழுத்தை வெட்டி வைப்பார்கள். உங்கள் பூட்டியின் பெயரின் முதல் எழுத்து அதில் இருக்கக்கூடும். செங்கல் தூளாலும் கரட்டுத் துணியாலும் வருடக்கணக்காகத் தேய்த்தால் அந்தப் புள்ளிகள் அழிந்துவிடும். ஆகவே அந்த இடத்தை விட்டுவிட்டுப் புளியாலோ தேசிக்காயாலோ மெதுவாகத் துலக்கி, நல்ல தண்ணீரில் அலசி, அப்போதே துணியால் துடையுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அப்படியே காய விட்டால் வெள்ளைப் புள்ளி விழும். எல்லாவற்றையும் பளபளக்கப் பண்ணவும் வேண்டாம். விளக்கும் செம்பும் மினுங்கட்டும், கிடாரம் கறுத்தபடி இருக்கலாம். வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளி, மோர், ரசம் எதுவும் வைக்கக் கூடாது, களிம்பு சாப்பாட்டில் இறங்கும். மூக்குப்பேணியில் பூ வைப்பதென்றால் உள்ளே சின்னக் கண்ணாடிக் குவளை ஒன்றை இறக்கி அதில் தண்ணீர் விடுங்கள்.

விளக்குகளில் அரிக்கன் லாம்பை விறாந்தை வளையில் தொங்கவிடுங்கள், சிமினியைத் துடைத்து, திரி போட்டு, கரண்ட் போகும்போது கொளுத்தக்கூடியதாக வையுங்கள். பழைய கறுப்புச் சுவிச்சும் பீங்கான் ஹோல்டரும் வடிவுதான், சுவரில் சும்மா பூட்டி வைக்கலாம், ஆனால் அவற்றுக்குள் கரண்ட் ஓட விடாதீர்கள். வயரிங் முழுவதும் புதிதாக இருக்க வேண்டும். ஜாம் போத்தல் விளக்கு ஒன்று வீட்டில் மிஞ்சியிருந்தால் தனியாக ஒரு மாடத்தில் வையுங்கள். தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், கரண்டும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் ஊறுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் திரி மாட்டி, அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்துச் சோதனை எழுதியது. அதை வெறும் அலங்காரமாக வரிசையாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்று போதும், வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் சொல்லிக் கொடுக்க.

பழைய படங்களை வெயில் நேரே படாத சுவரில் மாட்டுங்கள். மூலப் படத்தை ஸ்கான் பண்ணிப் பிரதியைச் சட்டம் போடுவது இன்னும் நல்லது. பெட்டகத்தின் அடியில் ஏட்டுச் சுவடியோ பழைய பத்திரிகையோ கலியாண வாழ்த்துமடலோ கிடைத்தால் கண்ணாடிக்குள் ஒட்டிச் சுவரில் தொங்கவிடாதீர்கள். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனத்தாரோடு கதையுங்கள். இங்கே எரிந்ததும் இடம்பெயர்வில் தொலைந்ததும் போக மிஞ்சிய ஒவ்வொரு தாளும் பெரிய விஷயம்.

இனித் தோட்டம். இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும், ஏனென்றால் நுளம்பு. உரல், ஆட்டுக்கல், கல்லுத்தொட்டி, கிடாரம், மண்முட்டி என்று தோட்டத்தில் வைக்க ஆசைப்படும் சாமான் எல்லாமே தண்ணீர் தேங்கும் சாமான். யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவது மாரி மழையோடும் அதற்குப் பின்னரும்தான். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஒன்றரைக் கிழமைக்குள் போதும். காய்ந்த பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் சாகாமல் இருந்து அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே கவிழ்த்து ஊற்றினால் மட்டும் காணாது, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்கும் போடலாம். வழி இருக்கிறது. உரலின் குழியை மணலால் நிரப்பி மேலே சின்னச் செடி வையுங்கள், அல்லது பறவை தண்ணீர் குடிக்க விட்டுத் தினமும் காலையில் ஊற்றிக் கழுவுங்கள். பெரிய கல்லுத்தொட்டி என்றால் தண்ணீர் நிரப்பி அல்லி போட்டு, புழுவைத் தின்னும் கப்பி மீன் விடுங்கள். உலோகப் பாத்திரத்தில் செடி வைப்பதென்றால் அடியில் துளை போட வேண்டும். அதனால்தான் நல்ல கிடாரத்தைத் தோட்டத்தில் வைக்காதீர்கள் என்பேன். ஓட்டையானதை மட்டும் வையுங்கள். கல்லுச் சாமானுக்குப் பெயின்ற் அடிக்கவே கூடாது, பாசி பிடிக்கட்டும்.

கிணற்றை மூடவோ தூர்க்கவோ நினைக்க வேண்டாம். கட்டு பழையதென்றால் சுண்ணாம்புச் சாந்தால் திருத்தி, மேலே இரும்பு வலை போட்டுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புச் செய்யுங்கள். தண்ணீர் இறைக்கும் துலாவைத் தாங்கிய துலாக்கால் மிஞ்சியிருந்தால் பெரிய கொடை. அடி உழுத்திருக்கிறதா என்று கத்தி முனையால் குத்திப் பாருங்கள், உறுதியாக இருந்தால் மல்லிகையோ முல்லையோ ஏற்றிவிடலாம். கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் வாழை, கற்றாழை, வல்லாரை வைத்தால் அது தனியாகப் பராமரிக்கத் தேவையில்லாத தோட்டம்.

வண்டிச் சில்லை வாசலில் சாத்தி வைப்பது எல்லா ஹோட்டலிலும் வந்துவிட்டது. உங்கள் குடும்பத்தில் வண்டில் இருந்திருந்தால் வையுங்கள், அப்போதும் மண்ணில் படாமல் கல்லின் மேல். இல்லாவிட்டால் அந்தக் காசைப் படலைக்குச் செலவழியுங்கள். இரண்டு பனங்குத்தி, மேலே சின்ன ஓட்டுக் கூரை, உள்ளே இரண்டு பக்கமும் இருக்கக் கட்டு. சங்கடப்படலை இப்படித்தான் இருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் தெருவால் போகிறவர் ஒதுங்கி நிற்பார். நீங்கள் திருப்பி எடுத்த பழைய ஓடுகளே இதற்குக் காணும். திருகணியில் ஒரு மண்பானைத் தண்ணீரும் மூடியும் வைத்தால் வீட்டிலேயே பெரிய அலங்காரம் அதுவாகத்தான் இருக்கும். கூரை கட்டும் கலையைப் பார்க்க ஆசையென்றால் தெருவின் மேலே கட்டிய பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை ஒருமுறை பாருங்கள்.

பூக்களுக்கு வெளியூர் ரோசாவைத் தேடி அலையாதீர்கள், செம்பாட்டிலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் அதற்கு இலை மஞ்சளிக்கும். செவ்வரத்தை, நந்தியாவட்டை, கனகாம்பரம், செவ்வந்தி, நித்தியகல்யாணி கலந்து நடுங்கள், நடுவில் கறிவேப்பிலையும் கத்தரியும் பச்சைமிளகாயும் வரட்டும். ஒழுங்கான வரிசை வேண்டாம். கார்த்திகைப் பூக் கொடி வேலியில் ஏறினால் பேரழகு, ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு, சிறுபிள்ளைகள் தோண்டாத இடத்தில் வையுங்கள். அலரியும் அப்படியே. பழைய தண்டவாளச் சிலிப்பர்க் கட்டைகளைப் பாத்திக்கு வரம்பாக வைக்கும் யோசனை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அவற்றுக்குப் போடும் தார் எண்ணெய் மரக்கறிப் பாத்திக்கு ஆகாது.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாராவது, "அந்தப் பெட்டகத்தை இங்க அனுப்பி விடு" என்று கேட்கத்தான் போகிறார்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று கருதக்கூடிய பொருள் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தொல்பொருளாகிவிடும். 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டத்தின்படி கலாசாரச் சொத்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பொதி கட்ட முன்னர் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வேலையின் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். ஓடு மாற்றுவதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் ஆவணிக்குள் முடிய வேண்டும், ஐப்பசி மழை தொடங்கினால் ஒன்றும் காயாது. வயரிங் அதற்கும் முன்னர். மரச் சாமானைப் புரட்டாதி வெயில் காலத்தில் திருத்துங்கள், நேர் வெயிலில் வேண்டாம், வெடிக்கும், மாமர நிழலில் செய்யுங்கள். முதல் வருடம் பெட்டகம், சாய்மனைக் கதிரை, குடும்பத்துப் பித்தளை இவ்வளவோடு நிறுத்தி, ஒரு மாரியும் ஒரு கோடையும் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். எந்த மூலைக்கு எது தேவை என்று அப்போது தானாகத் தெரியும். முதல் மழை விழுந்து மண் இளகியதும் கிளுவைக் கதியாலும் பூவரசும் வெட்டி வேலிக்கு நடுங்கள், அந்த ஈரத்தில் நட்டால்தான் வேர் பிடிக்கும்.